சூளைக்காணியில் கேட்ட சத்தம்

வன்னியில் சில இடங்களில் மண்ணே சத்தம் போடும். மிதிவெடி தேடும் டிடெக்டர் மெஷினைப் பிடித்து வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். நிலத்துக்குள் வெடி இருக்காது, ஒரு ஆணிகூட இருக்காது. ஆனாலும் மெஷினின் தட்டை அந்த நிலத்துக்கு மேலே கொண்டுபோனால் காதுக்குள் கீச்சென்று கேட்டுக்கொண்டே இருக்கும். செம்மண்ணிலும் சரளைக்கல்லிலும் கலந்திருக்கிற இரும்புச் சத்து மெஷினைக் குழப்புவதால் வருகிற சத்தம் அது. பொய்ச் சத்தம் என்று நாங்கள் சொல்லுவோம்.

மிதிவெடி அகற்றும் வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்று ஒரு வருடமாகப் போகிறது. அண்மையில் என்னோடு வேலை செய்த பிள்ளைகள் சிலர் முல்லைத்தீவில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். புதுவகை மெஷின் வரப்போகிறதாம், நிலத்துக்குக் கீழே கிடப்பதைத் திரையில் காட்டுமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அன்ரி, இனிப் பொய்ச் சத்தமே இராதாம். உண்மையோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

புது மெஷினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மெஷின் வந்தால் எல்லாருக்கும் நல்லதுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு என் பழைய குழுத் தலைவி சுகந்தியின் ஞாபகம் வந்தது. பிள்ளைகளுக்கு அன்றைக்குத் தேத்தண்ணீர் குடித்து முடிக்கிற நேரத்துக்குள் சொல்லக்கூடியதைத்தான் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

சண்டை முடிந்து நாங்கள் ஊர் திரும்பியபோது வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. என் கணவர் அந்தோனி பிறருடைய வள்ளத்தில் ஏறித் தொழிலுக்குப் போனார். மிதிவெடி எடுக்கிற வேலைக்குப் பெண்களையும் சேர்க்கிறார்கள் என்று கோயிலில் பூசை முடிந்து வரும்போது ஒருவர் சொன்னார். நான் பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்னபோது அந்தோனி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். பிறகு பயிற்சிக்குப் போகும் முதல் நாள் காலையில் அவரே என் சைக்கிளுக்குக் காற்றடித்துத் தந்தார். அதற்குமேல் எங்களுக்குள் அதைப் பற்றிக் கதை இருக்கவில்லை.

பயிற்சியில் வெடிகளின் வகைகளைப் படித்தோம், கவச அங்கியோடு வெயிலில் முழங்காலில் நிற்கப் பழகினோம். பெரும்பாலும் மெதுவாக இருப்பதற்குத்தான் பழகினோம். நான் வீட்டில் எதையும் விசுக்கு விசுக்கென்று செய்கிறவள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

முதல் வேலை உடையார்கட்டில். அங்கேதான் சுகந்தினி எங்கள் குழுவின் ரீம் லீடராக வந்தார். பரந்தனைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தபோது இடப்பெயர்வு வந்து படிப்புக் குழம்பிவிட்டது. என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். மெலிந்த உடம்பு, கவச அங்கி போட்டால் அதற்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். என்னை "றெஜினா அக்கா" என்று கூப்பிடுவார். நான் வேலைத்தலத்தில் "லீடர்" என்பேன், வெளியில் "சுகந்தி" என்பேன். ஆனால் எங்கேயும் அவரை நீ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடையார்கட்டு மண் பாரம் குறைந்த மணல்தான். ஆனால் ஷெல் துண்டுகள் அங்கே விதைத்துவிட்டதுபோலக் கிடந்தன. தகரத் துண்டு, துப்பாக்கிக் கோது, பால்மாப் பேணி, குடைக்கம்பி என்று ஒவ்வொரு சாணுக்கும் ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தத்தையும் மிதிவெடி என்று நினைத்துத்தான் முழங்காலில் இருந்து, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். காலையிலிருந்து தோண்டி ஒரு குடைக்கம்பியை எடுத்தால் மனம் சலித்துப் போகும். சலித்த மனதோடு தோண்டுகிறவளுக்குத்தான் ஆபத்து.

சுகந்தி வந்த முதல் கிழமையே வேலையின் ஒழுங்கை மாற்றினார். மெஷினைத் தொட முதல் நிலத்தின் மேற்பரப்பைக் கண்ணால் பார்த்துத் துப்புரவாக்க வைத்தார். நீளத் தடியில் கட்டிய காந்தத்தை, துப்புரவாக்கிய கரையில் நின்றபடி, நிலத்தில் முட்டாமல் மேலால் கொண்டுபோக, சின்னச் சின்ன இரும்பெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். அரைவாசிச் சத்தம் அதோடேயே போய்விட்டது.

பிறகு மெஷினுக்கு மண்ணைப் பழக்குவது. உலோகம் இல்லையென்று உறுதியான ஒரு துண்டு நிலத்தில் தட்டை மேலும் கீழுமாக உயர்த்தித் தாழ்த்த, மண்ணின் சத்தம் அடங்கும். மெஷின் அந்த மண்ணை அறிந்துகொண்டது என்று அர்த்தம். பலர் காலையில் ஒருக்கால் இதைச் செய்துவிட்டு நாள் முழுக்க வேலை செய்வார்கள். சுகந்தி விடமாட்டார். மண்ணின் நிறம் மாறினால் திரும்பச் செய்ய வேண்டும். பனி காய்ந்த பிறகும் மழை பெய்து விட்ட பிறகும் செய்ய வேண்டும். நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தாலும் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் சின்ன உலோகச் சோதனைத் துண்டை வைத்து, மெஷின் அதைக் கேட்கிறதா என்று பார்க்காமல் ஒருவரும் தனக்குக் கயிறு கட்டிப் பிரித்துவிட்ட லேனுக்குள் கால் வைக்க முடியாது.

"சத்தத்தைக் குறைக்கிறது வேறை அக்கா, காதைப் பொத்துறது வேறை," என்று எனக்கு ஒருநாள் சொன்னார். "மெஷின்ரை கூர்மையைக் குறைச்சு விட்டால் உடனை அமைதியாயிடும். ஆனா அதுக்குப் பிறகு அது மிதிவெடிக்கும் அமைதியாத்தான் இருக்கும்."

எங்கள் பக்கம் புதைத்திருந்த மிதிவெடிகளில் சிலவற்றில் உலோகம் மிகக் குறைவு. உடம்பு முழுக்க பிளாஸ்ரிக், உள்ளே ஊசி முனை போல ஒரு துண்டு. அதன் சத்தத்துக்கும் மண்ணின் பொய்ச் சத்தத்துக்கும் வித்தியாசம் பிடிப்பது கஷ்டம்.

கலா என்று ஒருத்தி எங்கள் ரீமில் இருந்தாள். நல்ல துடியாட்டக்காரி. ஒரு நாள் காலை அவளுடைய லேனில் சத்தம் ஓயவேயில்லை. தோண்டினாள், ஒன்றும் இல்லை. தள்ளி வைத்துப் பார்த்தாள், அங்கேயும் சத்தம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சுகந்தி வந்து பார்த்தார். நிலத்தைப் பார்க்கவில்லை. கலாவைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெளியிலை வந்து, நிலத்திலை வைக்காமல், ஆகாயத்திலை ஆட்டிக் காட்டும் பாப்பம்."

கலா ஆட்டினாள். வலது பக்கம் போகும்போது ஒன்றுமில்லை. இடது பக்கம் வரும்போது கீச்சென்றது.

"அந்தக் கையை மடிச்சு விடும்."

மேல்சட்டையின் கைமடிப்புக்குள் ஒரு சட்டை ஊசி. பொத்தான் அறுந்ததற்குக் குத்தியிருந்தாள். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. சுகந்தி சிரிக்கவில்லை. ஆனால் ஏசவும் இல்லை. அடுத்த நாள் ஒரு தையல் பெட்டியைக் கொண்டுவந்து கூடாரத்தில் வைத்தார். அன்றிலிருந்து காப்பு, தோடு, கொண்டை ஊசி, தொலைபேசி எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டுவிட்டுத்தான் லேனுக்குள் போவோம். என் கழுத்திலிருந்த சிலுவையையும் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. முதல் நாள் அது எனக்கு மனக்கஷ்டமாக இருந்தது. அடுத்த நாள் சுகந்தி பனை ஈர்க்கில் கட்டிய சின்னச் சிலுவை ஒன்றை என்னிடம் தந்தார். அவர் சைவ சமயத்தவர். அப்படிக் கட்டுவதை யாரிடம் பழகினார் என்று நான் கேட்கவில்லை.

அவருடைய சுபாவமே அப்படித்தான். கதை குறைவு. ஒருவரையும் மற்றவர்களுக்கு முன்னால் வைத்துப் பிழை சொல்லமாட்டார். எங்கள் கைகளைப் பார்ப்பார். ஆர் மெஷினை ஆட்டும்போது இரண்டு ஓரத்திலும் தட்டை உயர்த்துகிறார், ஆர் களைத்துப்போய் வேகமாக வீசுகிறார் என்று தூரத்திலிருந்தே தெரியும் அவருக்கு. தட்டு சரிந்தால் மண் பொய் சொல்லும். அதனால் பக்கத்தில் வந்து, தன் வெறுங்கையை மெஷின் மாதிரி நீட்டி, நிலத்துக்குச் சமனாக மெதுவாக ஆட்டிக் காட்டிவிட்டுப் போவார்.

ஒரே ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாகக் கதைப்பார். சத்தம் வந்த இடத்தை நான்கு பக்கத்தாலும் மெஷினைக் கொண்டுபோய்ப் பார்ப்போம். உலோகம் என்றால் நாலு பக்கத்தாலும் ஒரே புள்ளியில் வந்து நிற்கும். மண் என்றால் பரவலாகக் கேட்கும். அனுபவம் வந்த பிறகு எங்களுக்குக் காதாலேயே பிடிபட்டுவிடும். "இது மண்தான் லீடர்," என்று சொல்லத் தொடங்கினோம்.

"பொய்ச் சத்தம் எண்டு காதாலை முடிவு எடுக்காதேங்கோ," என்பார். "கையாலை தோண்டிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ."

இனி, பிறகு நாங்கள் வேலை செய்த ஸ்கந்தபுரத்துக்கு வருகிறேன்.

அங்கே பொன்னம்பலம் ஐயா என்று வயல் செய்கிற ஒரு கமக்காரர். அவரும் மனைவி யோகம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காடு வெட்டிக் காணி திருத்தியவர்கள். இடப்பெயர்வு முடிந்து வந்து பார்த்தபோது வீடு சுவர் மட்டும் நின்றது. வயல் முழுக்கப் பற்றை. நாங்கள் வீட்டு வளவைத் துப்புரவாக்கிக் கொடுத்துவிட்டோம். வயலிலும் பெரும் பகுதி முடிந்துவிட்டது. மிச்சம் ஒரு துண்டு, வாய்க்கால் கரையோடு சேர்ந்த மேட்டு நிலம். பார்க்கச் சின்னத் துண்டுதான். ஆனால் உழவு மெஷின், அதாவது டிராக்டர், வயலுக்குள் இறங்குவதென்றால் அந்த மேட்டால்தான் இறங்க வேண்டும். அது முடியாமல் வயல் முடிந்தும் பயனில்லை. மாரி மழையோடு செய்கிற காலபோக விதைப்புக்கு நாள் கிட்டிக்கொண்டிருந்தது.

முதல் நாள் நான் மெஷினை அந்த மேட்டுக்குள் கொண்டுபோனதும் காது கிழிந்தது. மண்ணைப் பழக்கினேன், அடங்கியது. ஒரு அடி தள்ளி வைத்தேன், திரும்பக் கத்தியது. அங்கே பழக்கினால் முந்தைய இடம் கத்துகிறது. கலாவின் லேனிலும் அதே கதை. எல்லாருடைய மெஷினையும் மாற்றிப் பார்த்தோம். மின்கம்பி பக்கத்தில் இல்லை. ஊசியும் இல்லை.

சுகந்தி எங்கள் எல்லாரையும் வெளியில் எடுத்தார். கரையில் குந்தியிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். செம்மண்ணைவிடச் சிவப்பு. இடையிடையே கறுப்பு. எழுந்து நேரே வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"அம்மா, அந்த வாய்க்கால் கரையிலை முந்தி என்ன இருந்தது?"

யோகம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை வைத்தார். "அங்கையோ? அங்கைதானே பிள்ளை எங்கடை வீட்டுக் கல்லெல்லாம் அரிஞ்சு சுட்டது. இந்தத் திட்டத்திலை பாதி வீட்டுக்குக் கல் அங்கையிருந்துதான் போனது. சூளை எரியேக்கை ராத்திரியிலை இஞ்சை வரைக்கும் வெளிச்சம் தெரியும்."

செங்கல் சூளை. நெருப்பில் வெந்த மண் மற்ற மண்ணைப்போல இல்லை, மெஷினுக்கு அது உலோகத்தைப்போலவே கேட்கும் என்று சுகந்தி எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அந்த மேடு முழுக்க வெந்த மண்ணும் உடைந்த கல்லும் சாம்பலும் ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு அளவில் கலந்து கிடந்தன. அதனால்தான் மெஷினால் ஒரு மண்ணையும் பழக முடியவில்லை.

அன்றைக்கே அவர் ஒரு சோதனை செய்தார். ஏற்கனவே தோண்டிப் பார்த்த கரையில் சூளை மண்ணைக் குவித்து, மிதிவெடியில் உள்ள அளவு உலோகமுள்ள சோதனைத் துண்டை உரிய ஆழத்தில் தாட்டார். மெஷினின் கூர்மையைக் குறைத்து மண்ணின் சத்தத்தை அடக்கிவிட்டு, மேலால் கொண்டுபோனார். ஒன்றும் கேட்கவில்லை. கூர்மையைக் கூட்டினால் எல்லா இடமும் கேட்டது. துண்டு இருக்கிற இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வித்தியாசம் இல்லை. என்னிடம் தந்தார். நானும் பார்த்தேன். கலாவும் பார்த்தாள்.

"இஞ்சை மெஷின் வேண்டாம்," என்றார் சுகந்தி. "முழுக்கக் கையாலை தோண்டுவம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். மேடு முழுவதையும், ஒரு அங்குலம் விடாமல், உரிய ஆழத்துக்கு விறாண்டியாலும் சிறு கரண்டியாலும் சுரண்டி எடுப்பது. கிழமைக் கணக்கில் வேலை.

பொன்னம்பலம் ஐயா கேள்விப்பட்டு வேலியடிக்கு வந்தார். நல்ல உயரமான மனிதர். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார்.

"என்ன பிள்ளை இது? மெஷினாலை பாத்தால் உடனை முடியும் எண்டெல்லோ உங்கடை ஆக்கள் சொன்னவையள். மழை வந்திட்டுதெண்டால் நான் எப்பிடி விதைக்கிறது?"

"ஐயா, இந்த இடத்திலை மெஷின் சொல்லுறதை நம்ப ஏலாது."

"நாங்கள் திரும்பி வந்து இவ்வளவு காலமாச்சு. அந்த மேட்டாலை மாடு போகுது, ஆடு போகுது. ஒண்டும் நடக்கேல்லை."

"ஓம் ஐயா. ஆனா அதுகளின்ரை பாரம் வேறை, உழவு மெஷின்ரை பாரம் வேறை. அதுகள் ஒரே ஒற்றையடிப் பாதையாலைதான் போகுதுகள். நீங்கள் உழவு மெஷின் இறக்கப் போறியள்."

அவர் திரும்பிப் போனார். பிறகு எங்கள் அலுவலகத்துக்கு முறைப்பாடு போனது. பொறுப்பதிகாரி ஜீப்பில் வந்தார். எனக்குப் பயமாக இருந்தது, சுகந்தியின் வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று. ஆனால் அந்த மனிதர் அலட்டவில்லை. கவசத்தைப் போட்டுக்கொண்டு அதே சோதனையைத் தானே செய்தார். திரும்பத் திரும்ப மூன்று மெஷின்களில் செய்தார். பிறகு முகக்கவசத்தை உயர்த்தி வியர்வையைத் துடைத்துவிட்டு, "நீர் சொல்லுறதுதான் சரி. தோண்டுங்கோ. ஐயாவோடை நான் கதைக்கிறன்," என்றார். கதைத்தார். ஆனால் பொன்னம்பலம் ஐயாவின் கோபம் ஆறவில்லை. அவருடைய நிலையில் ஆருக்குத்தான் ஆறும்?

தோண்டத் தொடங்கினோம். துப்புரவான கரையிலிருந்து உரிய ஆழத்துக்கு சின்னப் பள்ளம் போல ஒரு கிடங்கு எடுப்போம். பிறகு அதன் சுவரை முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி முன்னேறுவோம். மேலிருந்து ஒருநாளும் குத்தக்கூடாது. மிதிவெடி என்றால் அதன் பக்கம்தான் முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கரண்டி ஒவ்வொரு செங்கல் துண்டிலும் முட்டும்போதும் கை நிற்கும். பார்க்க வேண்டும். கல் என்றால் எடுத்துப் பின்னால் வைக்க வேண்டும். திரும்பச் சுரண்ட வேண்டும். முழங்காலுக்குக் கீழே மெத்தை இருந்தும் மாலையில் எழும்ப ஏலாது.

"செங்கல்லு எடுக்கிறதுக்கெண்டே வந்து பிறந்திருக்கிறம்," என்று கலா முணுமுணுத்தாள். எனக்கும் மனதுக்குள் அதே எண்ணம்தான். பகல் முழுக்கச் செங்கல், அடுத்த நாளும் செங்கல். பின்னால் ஒரு சின்ன மலை எழும்பிவிட்டது. மெஷினால் பார்த்திருந்தாலும் இதைத்தானே கண்டிருப்போம் என்று நினைத்தேன்.

சுகந்தி ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்ததும் பொன்னம்பலம் ஐயாவின் வாசல் படலையடிக்குப் போவார். உள்ளே போகமாட்டார். ஐயா முற்றத்தில் கதிரையில் இருந்து வேறு பக்கம் பார்ப்பார். "ஐயா, இண்டைக்கு வாய்க்கால் பக்கத்து மூலை வரைக்கும் வந்திட்டம். ஒண்டும் இல்லை. நாளைக்கு மற்றக் கரையிலை தொடங்குவம்," என்று சொல்லிவிட்டு வருவார். அடுத்த நாளும் இவர் போவார்.

"அவர்தான் முகத்தையே பாக்கிறேல்லையே. ஏன் போறியள்?" என்று நான் கேட்டேன்.

"அவரின்ரை காணியெல்லோ அக்கா. என்ன நடக்குதெண்டு அவருக்குத் தெரிய வேணும். அவர் கோவிச்சுக்கொண்டு கேக்கட்டுமன்."

மழை முந்தி வந்துவிட்டது. சுற்றியிருந்த காணிகளில் விதைப்பு முடிந்து பச்சை தெரியத் தொடங்கியது. பொன்னம்பலம் ஐயாவின் வயல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அந்தப் போகம் அவருக்கு இல்லாமல் போனது. மழை விட்ட நேரங்களில் மட்டும் நாங்கள் வேலை செய்தோம். படலையடியில் நின்று கதைத்துவிட்டு வரும்போது சுகந்தியின் முகம் சுருங்கிப்போயிருக்கும். ஆனால் அடுத்த நாள் காலையில் எங்கள் கைகளைப் பார்க்கிற பார்வையில் ஒரு மாற்றமும் இராது. அவசரப்படுங்கள் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

மேட்டின் கடைசிப் பகுதி, சூளையின் வாய் இருந்த இடம். மண் அங்கே கறுத்துப்போய், ஈரத்தில் பிசுபிசுத்தது. நான் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒரு அரைக்கல் கழன்று கரண்டியில் விழுந்தது. அது இருந்த பள்ளத்துக்குள் ஒரு வளைவு தெரிந்தது. செங்கல்லுக்கு அப்படி வளைவு இல்லை. மண் நிறம்தான், ஆனால் மண் இல்லை. மழுமழுவென்று இருந்தது.

என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. கரண்டியை அதே பாதையால் பின்னுக்கு எடுத்தேன். கையை உயர்த்தி, "லீடர்!" என்றேன். சத்தமாகக் கூப்பிட்டதாகத்தான் நினைத்தேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் எல்லா லேனிலும் வேலை நின்றது. எல்லாரும் எழுந்து பின்னால் போகத் தொடங்கினார்கள்.

சுகந்தி லேனால் நடந்து வந்தார். ஓடவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பிறகு பள்ளத்தைப் பார்த்தார்.

"நல்லாக் கண்டிருக்கிறியள் அக்கா. இனி மெல்ல எழும்பிப் பின்னாலை போங்கோ. தண்ணி குடியுங்கோ."

நான் கூடாரத்துக்கு வந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தேன். கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே சுகந்தி குப்புறப் படுத்து, தூரிகையால் மண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடையாளத் தடியை நட்டார். பிறகு வந்து தன் மெஷினை எடுத்துக்கொண்டு திரும்பப் போனார். இனி எதற்கு மெஷின் என்று எங்களுக்கு விளங்கவில்லை. மெஷினின் கூர்மையை மாற்றி மாற்றி, அந்த இடத்துக்கு மேலாலும் பக்கத்தாலும் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"வித்தியாசமே இல்லை அக்கா," என்றார். "பக்கத்துச் செங்கல்லுக்கு எந்தச் சத்தமோ அதுக்கும் அந்தச் சத்தம்தான். குறைச்சுவிட்டால் ரெண்டும் கேக்கேல்லை."

அவருடைய குரல் தளம்பியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். இவ்வளவு நாளும் எங்களையும் அந்தக் கமக்காரரையும் தோளில் சுமந்துகொண்டிருந்தவர், தான் பிழைவிட்டிருக்கலாம் என்ற பயத்தையும் சேர்த்துத்தான் சுமந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. நான் என் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

அந்த மிதிவெடி தனியாக இருக்கவில்லை. சூளை வாயிலிருந்து வயல் வரை, உழவு மெஷின் இறங்கியிருக்கக்கூடிய அதே வழியில், வரிசையாக இன்னும் சில இருந்தன. எல்லாவற்றையும் கையால்தான் கண்டெடுத்தோம். வெடி அழிக்கிற குழு வந்து அவற்றை வெடிக்க வைத்த அன்று, சுகந்தி முதலில் போய்ப் பொன்னம்பலம் ஐயாவையும் யோகம்மாவையும் தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. யோகம்மா காதைப் பொத்திக்கொண்டார். ஐயா பொத்தவில்லை. புகை அடங்கும் வரைக்கும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடு முழுவதும் முடிந்து, மேலதிகாரிகள் வந்து பரிசோதித்து, காணியைக் கையளிக்கிற நாள் வந்தது. எங்கள் அடையாளத் தடிகளையெல்லாம் பிடுங்கி எடுத்துவிட்டோம். பொறுப்பதிகாரி பத்திரத்தை வாசித்தார். ஐயா கையெழுத்து வைத்தார்.

"இனி நீங்கள் உள்ளை போகலாம் ஐயா," என்றார் அதிகாரி.

ஐயா போகவில்லை. வேலி இருந்த இடத்தில் நின்றார். ஒரு காலை முன்னுக்கு வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார். இத்தனை நாளும் இந்த நிலத்துக்காக எங்களோடு சண்டை பிடித்த மனிதர். இப்போது கால் வரவில்லை.

"பயப்பிடாதேங்கோ, முழுக்கத் துப்புரவு," என்று அதிகாரி சொன்னார். நாங்களும் சொன்னோம். கலா அதற்குள் குறுக்கும் மறுக்குமாக நடந்து காட்டினாள். ஐயா தலையை ஆட்டினார். ஆனால் நின்ற இடத்தில்தான் நின்றார்.

சுகந்தி சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றிச் சப்பாத்துக்குள் வைத்தார். தன் சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போய், சூளை வாய் இருந்த இடத்தில், நான் அந்த வளைவைக் கண்ட இடத்தில், சப்பாணி கட்டி நிலத்தில் இருந்தார். பார்சலை விரித்தார். புட்டும் கத்தரிக்காய்க் கறியும். சாப்பிடத் தொடங்கினார். நாங்கள் எல்லாரும் வாய் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு விக்கியது. உண்மையாகத்தான் விக்கியதா என்று பிறகு நான் கேட்டபோது, அவர் வேறு கதை கதைத்துவிட்டார்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி தருவியளோ?" என்று அங்கிருந்து கேட்டார்.

யோகம்மா விசுக்கென்று வீட்டுக்குள் போய்ச் செம்பில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் எங்களைக் கடந்து, புருஷனைக் கடந்து, மேட்டுக்குள் நடந்தார். சாப்பிடும்போது விக்குகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுபோகிற நினைப்பைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு இல்லை.

"யோகம்! எங்கை போறாய்?" என்று ஐயா கத்தினார்.

யோகம்மா பாதியில் நின்றார். குனிந்து தன் கால்களைப் பார்த்தார். சுற்றி வரப் பார்த்தார். செம்பிலிருந்து தண்ணீர் தளம்பி மண்ணில் சிந்தியது.

"தண்ணி கேட்டவா எல்லே," என்று சொல்லிவிட்டு மிச்சத் தூரத்தையும் நடந்து போய்ச் செம்பைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவரும் அதிலேயே குந்தினார்.

ஐயா செருப்பைக் கழற்றினார். மெதுவாக வந்தார். ஒவ்வொரு அடிக்கும் நிலத்தைப் பார்த்துப் பார்த்து வந்தார். வந்து அவர்கள் பக்கத்தில் நின்றார்.

"இருங்கோ ஐயா," என்றார் சுகந்தி.

இருந்தார். ஒரு கையை மண்ணில் ஊன்றினார், பிறகு மற்றக் கையையும். ஒரு பிடி மண்ணை அள்ளி, உள்ளங்கையில் உதிர்த்து, விரலால் கிண்டிப் பார்த்தார். நாங்களும் அவர்களைச் சுற்றி வந்து நின்றோம்.

"வெந்த மண்," என்றார் கடைசியில். "உழவு மெஷின் போற வழியை விட்டிட்டு, மிச்சத்துக்குள்ளை எருப் போட்டு வாழை வைக்கலாம்."

சுகந்தி வாயில் புட்டோடு சிரித்தார். வேலைத்தலத்தில் அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.